வரியில்லாத் தீவில் வாங்கினால் வரியே இல்லையா?

சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறார், மனைவி குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸில். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒரு மாத விசிட்டில் வந்திருக்கிறார்கள். நால்வரும் மலேசியாவின் வரியில்லாத் தீவான லங்காவிக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்குச் சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம். ஞாயிறு பகல் 12 மணிக்குத் திரும்ப வந்து இறங்குகிறார்கள். அடுத்த மாதம் திருச்சியில் தங்கைக்குக் கல்யாணம்.

பயணத்துக்கு ஆகும் செலவை வரியில்லாக் கடைகளிலேயே ஈடுகட்டிவிடலாம் என்று நண்பர் ஒருவர் அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பட்டியல் இது: ஒரு லிட்டர் விஸ்கி நான்கு பாட்டில் (இரண்டு அலுவலக நண்பர்களுக்கு, இரண்டு கல்யாண வீட்டுக்கு), மேலாளருக்கு இரண்டு கார்ட்டன் சிகரெட், பை நிறைய சாக்லேட், மனைவிக்கு வாசனைத் திரவியம், அம்மாவுக்குக் கோரெல் தட்டு செட், வரப்போகும் மாப்பிள்ளைக்கு 450 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) ஒரு கைக்கடிகாரம். “தலைக்கு 500 வெள்ளி சலுகை, நாலு பேருக்கு 2,000 வெள்ளி, இரண்டு ராத்திரி தங்கினால் 48 மணி நேரம் ஆகிவிடும், ரசீதைக் கிழித்துப் போட்டுவிடு, பாட்டிலை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்” என்பது நண்பரின் யோசனை. குடியே தொடாத அப்பாவோ தன் பையில் பாட்டில் வைப்பதா என்று சத்தம் போடுகிறார். “அப்பா புரியாமல் பேசுகிறாரா, இல்லை நான்தான் மாட்டிக்கொள்ளப் போகிறேனா? மாட்டினால் பாஸ் போய்விடுமா?” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்குச் சுங்கச் சட்டம் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் நண்பரைவிட அவர்தான் சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

நீங்களும் நண்பரும் ஒரே இடத்தில்தான் தவறியிருக்கிறீர்கள். ‘வரியில்லாப் பொருள்’ என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. லங்காவிக்கு 1987 முதல் வரியில்லாத் தீவு என்ற தகுதி உண்டு, சரி. அதற்குப் பொருள், அந்தத் தீவில் விற்கும்போது மலேசிய அரசு தன் வரியை விட்டுக்கொடுக்கிறது என்பதுதான். சிங்கப்பூர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டில் எந்த நாட்டு வாசலில் நுழைகிறதோ அந்த நாடு தன் கணக்கைப் புதிதாகத் தொடங்கும்: யார் கொண்டுவருகிறார், எங்கிருந்து வருகிறார், எவ்வளவு நேரம் வெளியே இருந்தார், யாருக்காகக் கொண்டுவருகிறார். கடைப் பலகையில் எழுதியிருப்பது கடையோடு முடிந்தது.

சிங்கப்பூர் சுங்கவரியும் தீர்வையும் போடுவது மொத்தம் நாலு வகைச் சரக்குக்குத்தான். மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருட்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் சேவை வரி (ஜிஎஸ்டி) மட்டும். 2024 தொடக்கத்திலிருந்து அது 9 விழுக்காடு. ஆக, உங்கள் பட்டியலில் சாக்லேட், வாசனைத் திரவியம், தட்டு, கடிகாரம் எல்லாம் ஒரு பக்கம். விஸ்கியும் சிகரெட்டும் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் உங்கள் நண்பரின் கணக்கு குழம்பிவிட்டது.

நாலு பேருக்கு 2,000 வெள்ளியா?

இல்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்து வரும் பயணிக்கு 500 வெள்ளி மதிப்புள்ள பொருள்வரை பொருள் சேவை வரி கிடையாது. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளிவரை. இதுவரை உங்கள் நண்பர் சொன்னது சரி. அவர் விட்டது அடுத்த வரியை. வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், டிபென்டன்ட் பாஸ், நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்களுக்கும் இல்லை, உங்கள் மனைவிக்கும் இல்லை. விசிட்டில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குத்தான் உண்டு.

இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். “ஆறு வருஷமாக இங்கே வரி கட்டுகிறேன், எனக்கு இல்லாத சலுகை நேற்று வந்தவருக்கா?” என்று என்னிடமே ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். விதி அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் 60 வெள்ளிக்குச் சாக்லேட் வாங்கி வந்தால் சட்டப்படி 5 வெள்ளி 40 காசு வரி. பயப்படும் தொகை இல்லை. ஆனால் ‘எனக்குச் சலுகை உண்டு’ என்று நினைத்துக்கொண்டு, வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சைப் பாதையில் நடப்பதற்கும், இல்லை என்று தெரிந்துகொண்டு, பொருளைச் சொல்லி வரி கட்டும் சிவப்புப் பாதைக்குப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது அந்த 48 மணி நேரம். இரண்டு ராத்திரி என்றால் 48 மணி நேரம் என்பது ஹோட்டல் கணக்கு. சுங்கத்துறை கடிகாரத்தைப் பார்க்கும். வெள்ளி பகல் 1 மணிக்குக் கிளம்பி ஞாயிறு பகல் 12 மணிக்கு வந்து இறங்கினால் 47 மணி நேரம்தான் ஆகிறது. ஆகவே உங்கள் பெற்றோருக்கும் ஆளுக்கு 500 கிடையாது, 100தான்.

உடனே டிக்கெட்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். மாலை விமானத்துக்கு மாறினால் இருவருக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கிடைப்பது 800 வெள்ளி மதிப்புக்கான விலக்கு. அதில் 9 விழுக்காடு என்றால் அதிகபட்சம் 72 வெள்ளி. அதுவும் அவர்கள் உண்மையிலேயே ஆளுக்கு 500 வெள்ளிக்கு வாங்கினால்தான். நாலு இருக்கையை மாற்றும் கட்டணம் இதை விழுங்கிவிடும். தீவில் இன்னும் அரை நாள் வேண்டும் என்று ஆசையாக இருந்தால் மாற்றுங்கள். வரிக்காக வேண்டாம்.

நேரடி விமானத்தில் போகாமல் கோலாலம்பூர் அல்லது பினாங்கு வழியாக வருபவர்களுக்கு இன்னொரு 48 மணி நேரமும் உண்டு. அது மலேசியாவுடையது. லங்காவியிலிருந்து மலேசியப் பெருநிலத்துக்கு வரிவிலக்கோடு பொருள் கொண்டுபோக, தீவில் குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். லங்காவியின் முக்கிய ஊரான குவாவிலிருந்து படகில் பெருநிலத்தில் உள்ள கோலப் பெர்லிஸ் போனாலும் சரி, உள்நாட்டு விமானத்தில் கோலாலம்பூர் போனாலும் சரி, இது பொருந்தும். ஒரே எண், இரண்டு நாடு, இரண்டு கடிகாரம். இதைக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

விஸ்கி

இங்கேதான் உங்கள் திட்டம் முழுசாக இடிகிறது. சிங்கப்பூர் பயணிகளுக்கு மதுவில் வரிச்சலுகை தருகிறது, உண்மை. அதற்கு நிபந்தனைகள் உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும். 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்காக இருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைப் பாருங்கள். லங்காவி வரியில்லாத் தீவாக இருக்கலாம், ஆனால் அது மலேசியாதான். நீங்கள் அங்கே ஒரு வாரம் தங்கினாலும், ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்தாலும் வரி உண்டு. ‘அங்கே வாங்காமல் சாங்கியில் இறங்கியதும் உள்ளே இருக்கும் வரியில்லாக் கடையில் வாங்கிக்கொள்கிறேன்’ என்பதும் நடக்காது, அங்கேயும் இதே விதிதான்.

எவ்வளவு வரி? வடித்த மதுவுக்கு, அதிலுள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 40 விழுக்காடு விஸ்கி ஒரு லிட்டரில் 0.4 லிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. தீர்வை 35 வெள்ளி 20 காசு. பாட்டிலை லங்காவியில் சுமார் 40 வெள்ளிக்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். 40ஐயும் 35.20ஐயும் கூட்டி, அந்த மொத்தத்தின் மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அது 6 வெள்ளி 77 காசு. மொத்த வரி கிட்டத்தட்ட 42 வெள்ளி. 40 வெள்ளி பாட்டில் வீடு வந்து சேரும்போது 82 வெள்ளி. நாலு பாட்டிலுக்கு வரி மட்டும் 168 வெள்ளி. இந்த விலைக்கு இங்கேயே பேரங்காடியில் தள்ளுபடி நாள் பார்த்து வாங்கிவிடலாம், சுமக்கவும் வேண்டாம்.

(திராட்சை மதுவுக்கும் லிட்டருக்கு அதே 88 வெள்ளிதான். ஆனால் 13 விழுக்காடு உள்ள 750 மில்லி பாட்டிலில் ஆல்கஹால் குறைவு என்பதால் தீர்வை 8 வெள்ளி 58 காசுதான் வரும். வரி பாட்டிலுக்கு இல்லை, உள்ளே இருக்கும் சரக்கின் வீரியத்துக்கு.)

சரி, அப்படியானால் பாட்டிலே கிடையாதா? உண்டு. அடுத்த மாதம் நீங்கள் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறீர்கள் அல்லவா? இந்தியாவுக்குள் ஒரு பயணி 2 லிட்டர்வரை மது வரியில்லாமல் கொண்டுபோகலாம். கல்யாண வீட்டுக்கான இரண்டு பாட்டிலையும் சாங்கியில் புறப்படும்போது நீங்களே வாங்கி, உங்கள் கணக்கிலேயே கொண்டுபோங்கள். திருச்சியில் இறங்கியபின் விமான நிலைய வரியில்லாக் கடையில் மது வாங்கினால் அதுவும் இந்த 2 லிட்டருக்குள்தான் சேரும். கல்யாணம் முடிந்து சிங்கப்பூர் திரும்பும்போது நீங்கள் மலேசியாவிலிருந்து வரவில்லை, 48 மணி நேரமும் தாண்டியிருக்கும். அப்போது உங்களுக்கு ஒரு லிட்டர் விஸ்கி, மனைவிக்கு ஒரு லிட்டர், சலுகையிலேயே கிடைக்கும். உங்கள் வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு அதை ஊற்றிக் கொடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நண்பரிடம் காசு வாங்கிக்கொண்டு அவருக்காகக் கொண்டுவருவது சொந்தப் பயன்பாடு ஆகாது. இதில் நிறையப் பேர் அறியாமல் சறுக்குகிறார்கள்.

சிகரெட் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம்

சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச்சலுகை என்பதே இல்லை. ஒரு பாக்கெட், பிரித்த பாக்கெட், எதுவானாலும் சொல்லி வரி கட்டவேண்டும். இன்னொரு பக்கம், மலேசியாவும் 2021ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வரியில்லாத் தீவுகளில் விற்கும் சிகரெட்டுக்கு வரி அறிவித்துவிட்டது. லங்காவியில் சிகரெட் மலிவு என்பது பழைய கதை. மேலாளருக்குச் சாக்லேட் கொடுங்கள். மின்சிகரெட்டைத் தொடவே தொடாதீர்கள். சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம், இந்தியாவும் 2019இல் தடை செய்துவிட்டது. சாக்லேட்டோடு சேர்த்துச் சூயிங்கம் வாங்கிவிடாதீர்கள், அதற்கும் இங்கே அனுமதி இல்லை.

அப்பாவின் பையில் யாருடைய பாட்டில்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். கடிதத்தில் நீங்கள் இதை ஒரு சின்னக் குடும்பச் சண்டை மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

சலுகை என்பது ஆளுக்கு, அவருடைய பொருளுக்கு. அது குடும்பத்துக்கு மொத்தமாகக் கொடுத்த ரேஷன் இல்லை. இந்தியச் சுங்க விதியில் இது எழுத்திலேயே இருக்கிறது: ஒரு பயணியின் சலுகையை இன்னொருவருடையதோடு சேர்த்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூரிலும் பையைச் சுமப்பவரிடம்தான் அதிகாரி கேட்பார். “இது உங்களுடையதா?” என்று உங்கள் அப்பாவிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? ‘ஆமாம்’ என்றால் பொய். ‘இல்லை, பையனுடையது’ என்றால் அடுத்த நிமிடம் உங்களைக் கூப்பிடுவார்கள். மொழி சரியாகத் தெரியாத, முதல்முறை வெளிநாடு வந்த ஒரு பெரியவரை நீங்கள் அந்த மேசைக்கு முன்னால் நிறுத்தப் பார்க்கிறீர்கள். என் அனுபவத்தில், சுங்க மேசையில் கைகால் நடுங்க நிற்பவர்களில் பலர் தங்கள் பொருளுக்காக நிற்பவர்கள் இல்லை.

இதற்காக அப்பா அம்மா எதுவுமே வாங்கக் கூடாது என்றில்லை. அம்மா தனக்கென்று எடுக்கும் தட்டு செட் அம்மாவுடையதுதான், காசு நீங்கள் கொடுத்திருந்தாலும். அது அவர் ஊருக்கு எடுத்துப்போகும் பொருள். அவருடைய 100 வெள்ளிக்குள் வந்தால் வரி இல்லை, தாண்டினால் தாண்டிய பங்குக்கு 9 விழுக்காடு. உங்கள் மனைவியின் வாசனைத் திரவியத்தை அம்மாவின் பெயரில் காட்டுவதுதான் தப்பு.

ரசீதைக் கிழிப்பது இன்னும் மோசமான யோசனை. ரசீது இல்லை என்றால் பொருளுக்கு விலை இல்லாமல் போய்விடாது; அதிகாரி தானே மதிப்புப் போடுவார். தள்ளுபடியில் வாங்கிய பொருளுக்கு முழு விலையில் வரி கட்ட நேரும். ரசீது உங்கள் பக்கத்துச் சாட்சி, அதை நீங்களே ஏன் அழிக்கிறீர்கள்?

மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். தானாகச் சிவப்புப் பாதைக்குப் போய்ச் சொன்னால் வரி மட்டும்தான், அபராதமில்லை. சுங்கத்துறையின் இணையச் சேவையில் இறங்குவதற்கு முன்பே விவரம் கொடுத்துக் கட்டிவிடவும் முடியும். பத்து நிமிட வேலை. சொல்லாமல் பச்சைப் பாதையில் போய்ப் பிடிபட்டால், பெரும்பாலும் அபராதத்தோடு அங்கேயே தீர்ப்பார்கள். விஷயம் பெரிதானால் நீதிமன்றம். வேண்டுமென்றே ஏய்த்ததாகத் தீர்ப்பானால், ஏய்த்த வரியைப்போல 20 மடங்குவரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் நாலு பாட்டிலுக்குச் சிறைக்குப் போவீர்கள் என்று பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாஸைப் பொறுத்தவரை, அதை வைத்திருக்கவிடலாமா என்று முடிவெடுப்பது மனிதவள அமைச்சு. அபராதம் கட்டியவர் எல்லாருக்கும் பாஸ் போய்விடும் என்பது வதந்தி. குற்றத் தீர்ப்பு ஒன்று பெயரில் விழுந்தால் அது அடுத்த புதுப்பித்தலைத் தொடாது என்று நினைப்பதும் அசட்டு நம்பிக்கை. 168 வெள்ளியை மிச்சம் பிடிக்க இதை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

மிச்சம் எங்கே இருக்கிறது?

கடிகாரத்தை லங்காவியில் வாங்காதீர்கள். நீங்கள் வாங்கிக் கொண்டுவந்தால் 450 வெள்ளிக்கு 40 வெள்ளி 50 காசு வரி. அதைவிட நல்ல வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுவது யார்? உங்கள் அப்பா. அவர் இங்கே சுற்றுப்பயணி. சிங்கப்பூரில், சுற்றுப்பயணிகளுக்கு வரியைத் திருப்பித்தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில், 100 வெள்ளிக்குக் குறையாமல் அவர் வாங்கி, இரண்டு மாதத்துக்குள் சாங்கி வழியாக அந்தப் பொருளோடு ஊருக்குக் கிளம்பினால், கட்டிய பொருள் சேவை வரியைத் திருப்பிக் கேட்கலாம். வரி உட்பட 450 வெள்ளி விலை என்றால் அதில் 37 வெள்ளிக்கு மேல் வரி. சேவைக் கட்டணம் போக மீதி கைக்கு வரும். வாங்கும்போதே அவருடைய பாஸ்போர்ட்டைக் கடையில் காட்ட வேண்டும், பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன் விமான நிலையத்தில் விண்ணப்பத்தை முடித்துவிட வேண்டும். பாஸில் வேலை பார்க்கும் உங்களுக்கு இது கிடைக்காது. இந்த முறை அப்பாவுக்குச் சலுகை இருப்பது உண்மையாகவே அவர் வாங்கும் பொருளுக்கு. இந்தியாவில் இறங்கும்போதும் கவலை வேண்டாம். பயணிகளுக்கான பொதுச் சலுகைக்குள்ளேயே இந்தக் கடிகாரம் அடங்கிவிடும்.

நகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கல்யாண வீடு என்பதால் சொல்லிவைக்கிறேன். இந்தியாவில் தங்க நகைக்கான தனிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புபவர்களுக்குத்தான். ஒரு மாதம் வந்துபோகும் அம்மாவின் கழுத்தில் புதுச் சங்கிலியைப் போட்டு அனுப்பும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சாக்லேட்டில் நானே ஏமாந்தவன். முதல்முறை லங்காவி போனபோது குவாவில் இரண்டு பெரிய பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் அதே டப்பா ‘இரண்டு வாங்கினால்’ சலுகையில் இன்னும் மலிவாகக் கிடந்தது. என் மனைவி அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறாள், இன்னும் அழிக்கவில்லை. வரி அதிகமுள்ள பொருளில்தான் வரிவிலக்கின் லாபம் தெரியும். சாக்லேட்டில் கடைக்காரர் வைத்த விலைதான் எல்லாம். கிளம்பும் முன் நாலைந்து பொருளின் சிங்கப்பூர் விலையைக் குறித்துக்கொண்டு போங்கள்.

தட்டு செட் வாங்குவதற்கு மலேசியர்களே லங்காவிக்குப் போவார்கள், அது நல்ல யோசனைதான். எடையை மட்டும் பாருங்கள். மலிவுக் கட்டண விமானத்தில் பெட்டி எடையை முன்கூட்டியே வாங்குவதற்கும் விமான நிலையத்தில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தில் இன்னொரு செட் வாங்கிவிடலாம். அது திருச்சிக்கு வேறு இன்னொருமுறை பறக்க வேண்டும்.

உண்மையான மிச்சம் தீவுக்குள் செலவு செய்வதில் இருக்கிறது. நீங்கள் ஒரு மாலை கடற்கரையில் உட்கார்ந்து பீர் குடிக்க நினைத்தால், பந்தாய் செனாங் கடையில் வாங்கி அறையில் வைத்துக் குடிப்பதுதான் லங்காவியின் வரிவிலக்கை முழுசாக அனுபவிக்கும் வழி; எந்த வாசலையும் தாண்ட வேண்டாம். (வாடகைக் கார் எடுத்திருந்தால் அதற்கப்புறம் சாவியைத் தொடாதீர்கள்.) வெளிநாட்டுப் பயணிக்கு அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவு விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். உங்களுக்கு இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் 40 ரிங்கிட். அட்டை தேய்க்கும்போது இயந்திரம் ‘சிங்கப்பூர் வெள்ளியிலா, ரிங்கிட்டிலா’ என்று கேட்டால் ரிங்கிட்டையே தொடுங்கள். வெள்ளியைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். இரவுச் சந்தை நாளுக்கு ஓர் ஊரில் போடுவார்கள், அன்றைக்கு எங்கே என்று ஹோட்டலில் கேளுங்கள். அம்மாவுக்கு அந்தக் கூட்டமும் அந்தப் பழக்கடையும் எந்தக் கடைத்தொகுதியைவிடவும் பிடிக்கும்.

ஆக, உங்கள் பட்டியலில் லங்காவியில் வாங்க மிஞ்சுவது இவ்வளவுதான்: அம்மாவின் தட்டு செட், மனைவியின் வாசனைத் திரவியம், விலை ஒத்துவந்தால் கொஞ்சம் சாக்லேட். மனைவியின் பொருளையும் உங்கள் சாக்லேட்டையும் ரசீதோடு நீங்களே சொல்லி 9 விழுக்காடு கட்டுங்கள். 150 வெள்ளிக்கு வாங்கினாலும் 13 வெள்ளி 50 காசு. விஸ்கி அடுத்த மாதம். கடிகாரம் அப்பாவோடு கடைக்குப் போய்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் “உங்கள் பையில் எதுவும் வைக்கப் போவதில்லை” என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைவரை அவர் அதை நினைத்துக்கொண்டே இருப்பார்.